நோவு நின்ற நாள்

நம் வயதுக்காரர்கள் இப்போது எங்கே கூடினாலும் பேச்சு உடம்பில்தான் வந்து நிற்கிறது. சீனி, பிரஷர், முழங்கால். பல்லைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பல்லு நோவை ஒரு வருத்தமாக நாங்கள் எப்போதுமே மதித்ததில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதி, கன்னத்தைத் தடவிக்கொண்டு, கொடுப்பில், கடைவாய்ப் பல்லடியில், இரண்டு கிழமையாகப் பெரிய நோவு, மருந்தில்லாமல் தானாகவே நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எழும்பு, இப்போதே டொக்டரிடம் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். பாயசம் வருகிறது, பேசாமல் இரு என்றாள். எனக்கு விசர் என்று நினைத்திருப்பாள். அன்றைக்கு அந்தப் பந்தியில் அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ரயில் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பிச் சனங்கள் தங்கள் பங்கர் குழிகளுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். கரன்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு அதில் படித்தோம். சவர்க்காரம் வாங்க வழியில்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்ததால் என் வெள்ளைச் சட்டை எப்போதும் ஒரு மஞ்சள் வாசத்தோடு இருக்கும். பனடோலை உடைத்துப் பாதி பாதியாகத்தான் விழுங்குவோம்.

இதையெல்லாம் பழியை யுத்தத்தின் தலையில் போடுவதற்காகச் சொல்லவில்லை. நம்மவர்களுக்கு அது ஒரு வசதி. வீட்டில் ஒரு ஆள் போனதற்குக் காரணம் கேட்டால், அந்த நேரம் பிரச்சினை நேரம் என்று சொல்லிவிட்டால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஆவணியில் எங்கள் பக்கம் ஒரு ஷெல்லும் விழவில்லை. ரோட்டு திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பல்லு டொக்டர் இருந்தார். சைக்கிளில் போனால் அரை மணி கூட ஆகாது.

அக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது, அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள். ரியூட்டறியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். வாய்விட்டுச் சிரிக்க மாட்டாள், கொடுப்புக்குள்ளேயே சிரிப்பாள். மாப்பிள்ளை பக்கத்து ஊர், கந்தோர் உத்தியோகம். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தாலும் நல்லது கெட்டதை நடத்துவது மாமிதான். அப்பாவின் தமக்கை. ஒரே வளவுக் காணிக்குள், வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. அக்காவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் கிணற்றில் வாளி விடமாட்டார் என்று அப்பா பகிடி பண்ணுவார், ஆனால் மாமி சொன்னதற்கு மேலே ஒரு சொல் சொல்லமாட்டார். எட்டில் சனி, செவ்வாயில் சவரம், ராகு காலத்தில் பயணம் எல்லாம் மாமியின் விரல் நுனியில் இருந்தன.

முதலில் அக்காவுக்குக் காதுதான் குத்தியது. வலது காது. மாமி நல்லெண்ணெயில் உள்ளியை வதக்கி, சூடு ஆற்றி, பஞ்சில் நனைத்துக் காதுக்குள் பிழிந்தார். காதுமடலை இழுத்துப் பிடிப்பது என் வேலை. எண்ணெய் கழுத்தில் வழியும்போது அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாள். காதில் ஒன்றும் இல்லை, அது கொடுப்பிலிருந்து ஏறுகிற நோவு என்று பிறகுதான் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டதும் அவள் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கீழ்க்கொடுப்பின் கடைசிப் பல்லில் ஒரு கறுப்பு ஓட்டை. அரிசி ஒன்று உள்ளே போய் நிற்கும்.

பிறகு கராம்பு. உப்புத் தண்ணீர். மாமா எங்கிருந்தோ கொண்டுவந்த சாராயத்தில் நனைத்த பஞ்சு. அதற்குப் பிறகு கண்டங்கத்தரி விதை. சிரட்டைத் தணலில் விதையைப் போட்டு அந்தப் புகையைக் குழாயால் வாய்க்குள் பிடித்தார்கள். அக்காவின் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. கீழே வைத்த தண்ணீர்த் தட்டில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. மாமி அதை எல்லோருக்கும் காட்டி, பூச்சி விழுந்துவிட்டது என்றார். அது விதைக்குள் இருந்த முளை. நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன், அது அசையவே இல்லை.

டொக்டரிடம் காட்டுவோமா என்று அம்மா ஒரு முறை கேட்டார். டொக்டர் பல்லைக் கழற்றிவிடுவார், கன்னம் உள்ளே போய்விடும், பல்லில்லாத பெட்டையைத் தந்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கதைப்பார்கள் என்றார் மாமி. கலியாணம் நடந்து நாலாஞ்சடங்கும் முடியட்டும், பிறகு புருஷன்காரன் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றட்டும் என்று முடித்துவிட்டார். தபால் கந்தோரில் ஒரு முத்திரை குறைந்தாலும் மேலிடத்துக்குத் திருப்பித் திருப்பி எழுதுகிற என் அப்பா, மகளின் பல்லுக் கதை வந்தபோது அது பெண்களின் அலுவல் என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார். பேப்பரோ பழையது.

பிறகு ஒருநாள் காலையில் நோவு நின்றது.

அந்தக் காலை எனக்கு நல்ல ஞாபகம். சோளகக் காற்றில் பனைகள் உரசிக்கொண்டிருந்தன. பின்வளவில் பனம்பழங்கள் தொப்புத் தொப்பென்று விழுந்தன. அக்கா கிணற்றடியில் வாளியை அப்படியே சரித்துப் பச்சைத் தண்ணீர் குடித்தாள். கொப்பளித்தாள். திரும்பவும் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். மாமி வைரவர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். எல்லோருக்கும் அப்படி ஒரு நிம்மதி. அவ்வளவு நாளும் கூரை மோட்டில் இருந்து கத்திக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று வாயை மூடினால், அது எங்கே போனது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

அந்தக் கிழமைதான் பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து நல்ல நேரத்தில் உருக்குவார்கள். எங்கள் ஆட்கள் போய் வந்தார்கள். அன்றைக்கே எங்கள் வளவின் ஈசான மூலையில் முள்முருக்கம் தடியைக் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்காலாக நட்டு, பாலும் தண்ணீரும் விட்டார்கள். அடுப்படியில் பலகாரச் சூடு. தேங்காயெண்ணெய்ப் புகை வளவு முழுக்க நின்றது. அக்கா பயத்தம் பணியாரம் ஒன்றை இடது பக்கத்தால் கடித்துத் தின்றதைப் பார்த்தேன். வலது பக்கத்தை ஏன் பாவிக்கவில்லை என்று நான் கேட்டேன். பழகிப்போச்சு என்றாள்.

பொன் உருக்கினால் பிறகு கலியாணப் பொம்பிளை வளவு வாசலில் உள்ள படலையைத் தாண்டக்கூடாது. கலியாணம் முடியும் வரை வெளியே போக்குவரத்து இல்லை, உடம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் சிந்தக்கூடாது. நகம் வெட்டுவதற்குக்கூட மாமி விடவில்லை. இது எங்கள் ஊரில் எல்லோரும் கைக்கொள்ளுகிற முறை. பிழையான முறை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். உடம்பு சுகமாக இருக்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வீக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் கன்னத்தில், பிறகு கொடுப்புக்குக் கீழே. கலியாணக் களை வந்துவிட்டது, முகம் பூரிக்கிறது என்று பலகாரம் சுட வந்த பெண்கள் பகிடி பண்ணினார்கள். மாமி தொட்டுப் பார்த்துக் கூகைக்கட்டு என்றார். அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, தானாக வற்றிவிடும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் பிடித்தார். ஒத்தணம் பிடிக்கப் பிடிக்க வீக்கம் அந்தப் பக்கத்திலிருந்து நாடிக்குக் கீழே பரவி, இடது பக்கமும் வந்தது. நானும் தொட்டேன். பலகைபோல இருந்தது.

அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. சோறு போய்க் கஞ்சியானது. மூக்குப்பேணியின் மூக்கைப் பல்லிடுக்கில் வைத்து அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியைச் சரிப்பார். பாதி வெளியே வந்துவிடும். அறைக்குள் ஒரு கெட்ட மணம் நின்றது. வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டும் அது போகவில்லை. காய்ச்சல் அடித்தது. அவளுடைய குரலும் மாறியது. சூடான கிழங்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கதைப்பதுபோலக் கதைத்தாள். என்ன சொல்கிறாள் என்று எனக்கு மட்டும் விளங்கியது. தண்ணி என்றும் யன்னல் என்றும் கேட்டாள்.

அப்பா டொக்டரை வீட்டுக்குக் கூப்பிடலாமா என்றார். வீட்டுக்கு டொக்டர் வந்தால் ஊர் அறியும், பொம்பிளைக்கு வருத்தம் என்று கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் என்றார் மாமி. அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி வந்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியின் சொல்லுக்கு மேலே ஒரு சொல் சொன்னார்.

"மச்சாள், பிள்ளை எச்சில்கூட விழுங்கிறாளில்லை. கொண்டுபோய்க் காட்டுவமே?"

"பொன்னுருக்கின பிள்ளையைப் படலை தாண்ட விடுறதோ? அவள் சுமங்கலியா இருக்கிறது உமக்கு வேண்டாமோ?"

அம்மா அடுப்படிக்குள் போய்க் கஞ்சிப் பானையை இறக்கினார். மாமியின் முகத்திலும் பயம் இருந்தது, இன்றைக்கு நினைக்கும்போது தெரிகிறது. அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. பொல்லாத மனுஷி இல்லை அவர். அக்காவின் தாலி நிலைக்க வேண்டும் என்றுதான் அந்தப் படலையை மறித்து நின்றார்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் தாய் வந்தார். கூறைச் சேலையிலிருந்து வெட்டிய சட்டைத் துண்டைக் கொண்டுவந்து, அதைத் தைக்க அளவு எடுப்பதற்கு வந்திருந்தார். மாமி வாசலுக்கு ஓடிப்போய் வரவேற்றார். பிள்ளை முழுகுகிறாள், இருங்கோ என்று கதிரை போட்டு, பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொடுத்தார். அளவுச் சட்டை ஒன்று தருகிறோம், பிள்ளையைக் கூப்பிடத் தேவையில்லை என்றார். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மூச்சு உள்ளே போகும்போது இழுத்து இழுத்துப் போகிற சத்தம். எங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது.

யாரையும் கேட்காமல் அவர் எழும்பி அறைக்குள் போனார். அக்கா பாயில் படுத்திருக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முந்தின நாள் தொடங்கி முன்னுக்குக் குனிந்தபடி இருந்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகி மடியில் இருந்த துவாயில் விழுந்துகொண்டிருந்தது. முந்தின கிழமை வைத்த மருதோன்றி கைகளில் நல்ல சிவப்பாகப் பிடித்திருந்தது. அந்த மனுஷி அவளுடைய நாடிக்குக் கீழே தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். மாமி வாசலில் நின்று பொன்னுருக்கலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"பொன் உருக்கினது எங்கடை வீட்டிலை," என்றார் மாப்பிள்ளையின் தாய். "குற்றம் வாறதெண்டால் எங்கடை வீட்டுக்கு வரட்டும். காரைப் பிடியுங்கோ."

முன்வீட்டுக்காரரிடம் ஒரு பழைய ஒஸ்டின் கார் இருந்தது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அது ஸ்ரார்ட் எடுக்கும் வரை நாங்கள் படலையடியில் நின்றோம். அக்கா என் கையைப் பிடித்தாள், விடவில்லை. அதனால்தான் என்னையும் காரில் ஏற்றினார்கள். படலையைத் தாண்டும்போது மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரோட்டில் வெயில். சைக்கிள்கள், ஐஸ்பழக்காரன், மதிலில் ஒட்டிய இரங்கல் நோட்டீஸ்கள். எல்லாம் வழமைபோல இருந்தன. அந்தத் தூரம் இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ தரம் அந்த ரோட்டால் போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அது இன்னும் கிட்டவாகத்தான் தெரிகிறது.

பல்லு டொக்டர் இளம் ஆள். சத்தம் போடவில்லை. அக்காவின் வலது கையைப் பிடித்து, அவளுடைய மூன்று விரல்களையே ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். மருதோன்றி போட்ட விரல்கள். மூன்றும் போகவில்லை, ஒன்றுகூடப் போகவில்லை. கொடுப்புக்குக் கீழே அழுத்தினார். நாக்கு மேலே தள்ளப்பட்டிருக்கிறது, மூச்சுக்குழாய் நெரிபடுகிறது என்று தாதியிடம் சொல்லி, அவளை உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அக்காவின் விரல்கள் என் கையிலிருந்து கழன்றன. பிறகு டொக்டர் அப்பாவிடம் எப்படித் தொடங்கியது என்று கேட்டார். அப்பா சொன்னார். நடுவில் நோவு முழுதாக நின்றுவிட்டது, அதனால்தான் நாங்கள் வரவில்லை என்றும் சொன்னார்.

"நோ நிண்டது பல்லுச் செத்ததாலை ஐயா. கிருமி சாகேல்லை, அது கீழை இறங்கிக்கொண்டு இருந்திருக்கு. நோ நிண்ட அண்டைக்கெண்டாலும் கொண்டு வந்திருந்தால் ஒரு பல்லோடை போயிருக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். ஏதோ தபால் கந்தோரில் ஒரு விளக்கத்தைக் கேட்பவர்போல ஆட்டிக்கொண்டே இருந்தார். வாய் மூன்று விரலளவு திறக்காவிட்டால், கொடுப்புக்குக் கீழே வீங்கினால், விழுங்க முடியாவிட்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, சூட்டு ஒத்தணமும் பிடிக்கக்கூடாது என்று டொக்டர் எங்களுக்குச் சொன்னார். பின்னால் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்த மாமி எல்லாவற்றையும் சுவரோடு நின்று கேட்டார்.

கழுத்தைக் கீறிச் சீழையும் ஊனத்தையும் எடுத்தார்கள். மூச்சுக்கு வழி செய்தார்கள். செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். நஞ்சு நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மறுநாள் மத்தியானம் அக்கா செத்துப்போனாள்.

பல்லு நோவால் ஒரு ஆள் சாகுமா என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அப்பா வந்தவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். பிறகு பிறகு, காய்ச்சல் என்று சொல்லப் பழகினார். பிறகு, அந்த நேரம் பிரச்சினை நேரம், மருந்து இல்லை என்று சொல்லப் பழகினார். மாப்பிள்ளை வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனார். அவருடைய தாய் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தார். அந்தச் சட்டைத் துண்டு எங்கள் வீட்டிலேயே கிடந்தது. திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, கேட்க அவர்களுக்கும் வாய் வரவில்லை. கன்னிக்காலுக்கு நட்ட முள்முருக்குத் தளிர்த்தது. முள்முருக்கு எங்கே நட்டாலும் தளிர்க்கும், ஆனாலும் அம்மா அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

மாமி அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, எட்டாம் நாள் சடங்கிலும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் கதைத்தது. அவர் எங்கள் வீட்டுக் காரியங்களில் தலையிடுவதை நிறுத்தினார். நாள் கேட்டு யாராவது வந்தால், எனக்குத் தெரியாது என்று சொல்லி உள்ளே போய்விடுவார். பஞ்சாங்கம் ஆணியில் தூங்கியது.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று ஊரே ஒரே இரவில் இடம்பெயர்ந்தது, நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டோம். அந்த மழையையும் அந்த ரோட்டையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூக்குப்பேணியும் சட்டைத் துண்டும் வீட்டோடு விடுபட்டன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, அவற்றை எங்கே தேடுவது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இடம் கிடைத்தது. வாங்குப் பலகைகளை அடுக்கி மறைப்புக் கட்டி ஒவ்வொரு குடும்பமும் ஒரு மூலையில் இருந்தது. ஈர உடுப்பு மணம், விறகுப் புகை, குழந்தைகளின் இருமல்.

பக்கத்து மறைப்பில் ஒரு தாயும் ஒரு சின்னப் பெண்பிள்ளையும் இருந்தார்கள். வந்த நாள் முதல் அந்தப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அனுங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. பிள்ளை சுவரில் சாய்ந்து இருந்தாள். அம்மா சும்மா விசாரித்தார்.

"நோ நிண்டிட்டுது அக்கா. வைரவர் கண் திறந்திட்டார்," என்றாள் அந்தத் தாய்.

மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி சுளகைக் கீழே வைத்தார். எழும்பிப் போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால் குந்தினார்.

"உன்ரை மூண்டு விரலை நிமித்தி வாய்க்குள்ளை வை பாப்பம், பிள்ளை."

இரண்டாவது விரலிலேயே பிள்ளை முகத்தைச் சுளித்தாள். மாமி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி கடந்திருந்தது, சரியான ராகு காலம். வெளியே மழை ஊற்றியது. பயணம் புறப்படக்கூடாத நேரம் எதுவென்று எனக்குச் சொல்லித் தந்தவரே மாமிதான். பிள்ளையின் தாய் பயந்துபோய், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று பின்னால் ஓடினாள். மழை விட்டதும் போகலாம் என்று அப்பா சொன்னதை மாமி காதில் வாங்கவில்லை. உர பாக் சாக்கு ஒன்றைப் பிள்ளையின் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் படலையைத் தாண்டினார்.

டொக்டர்கள் இருந்த இடம் வெகு தூரம். அவர்கள் திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. பிள்ளை பல்லுக் கழற்றிய இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு மாமியின் தோளில் நித்திரை. மருந்துக் குளிசையை மாமி தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்து, நேரம் நேரமாகக் கொடுத்தார். அந்தத் தாயிடம்கூடக் கொடுக்கவில்லை.

ஒரு கிழமை போயிருக்கும். அந்தப் பிள்ளை தானாகவே மாமியிடம் வந்து நின்று, கேட்காமலேயே மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைத்துக் காட்டினாள். மூன்றும் போயின. மாமி அந்தச் சின்னக் கையை எச்சிலோடு பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழத் தொடங்கினார். மறைப்புகளுக்கு மேலால் சனங்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா போய் மாமியின் பக்கத்தில் இருந்தார்.